மல்லிகைக்குப் பாம்பு வராது, எலிக்குத்தான் வரும்

வீட்டுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் ஒரு கலப்புப் பூம்பாத்தி போடலாம் என்று யாராவது கிளம்பினால் போதும், செம்மண் வந்து இறங்குவதற்கு முன்பே அறிவுரை வந்து இறங்கிவிடும். மல்லிகை வேண்டாம், பாம்பு வரும். மனோரஞ்சிதமா, நினைத்தே பார்க்காதீர்கள். பவளமல்லியும் ஆபத்துதான். தாழை, நாகலிங்கம், சம்பங்கி என்று பட்டியல் நீண்டுகொண்டே போய், மணக்கிற செடி அத்தனையும் கழிக்கப்பட்டு, கடைசியில் நாலு குரோட்டன்ஸும் இரண்டு இட்லிப்பூச் செடியும்தான் மிஞ்சும். நர்சரியிலும் இதே பேச்சு, வாட்ஸ்அப்பிலும் இதே பேச்சு, கல்யாணப் பந்தியிலும் இதே பேச்சு. இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமும் கிடையாது. வேறு பல தோட்ட நம்பிக்கைகளில் கொஞ்சமாவது சரக்கு இருக்கும், அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பூவின் வாசனைக்குப் பாம்பு வரும் என்பதில் சரக்கே இல்லை. அதோடு, உண்மையில் பாம்பை அழைத்து வருகிற காரணங்களைக் கண்ணில் படாமல் மறைத்தும் வைத்துவிடுகிறது.

பாம்புக்கு வாசனை தெரியாது என்று சொல்ல வரவில்லை. நன்றாகவே தெரியும். அது நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது மிரட்டுவதற்காக அல்ல. காற்றிலும் தரையிலும் இருக்கும் நுண்ணிய வேதிப்பொருள்களை ஒற்றியெடுத்து, மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பிடம் சேர்க்கிறது. பிளவுபட்ட நாக்கின் எந்த நுனியில் தடம் வலுவாக இருக்கிறது என்று பார்த்து, எலி போன திசையைக் கண்டுபிடிக்கிறது. இவ்வளவு கூர்மையான கருவி அதற்கு எதற்கு? இரையைத் தேட, இணையைத் தேட, எதிரியை அறிய. உலகில் இதுவரை அறியப்பட்ட ஏறத்தாழ 4,000 பாம்பு இனங்களில் செடிகொடி தின்னும் இனம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே ஊனுண்ணிகள். மல்லிகையின் மணமோ பென்சைல் அசிடேட், லினலூல் போன்ற ஆவியாகும் சேர்மங்களின் கலவை. மாலையில் மொட்டு விரியும்போது அந்திப்பூச்சிகளைக் கூப்பிடுவதற்கான ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டில் பாம்புக்கு ஒரு பைசா ஆதாயம் இல்லை. “தின்ன வரவில்லை சார், வாசனையை ரசிக்க வருகிறது” என்று சிலர் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். பசிக்காகவும் இணைக்காகவும் ஒதுங்குவதற்காகவும் வெயில் காய்வதற்காகவும் மட்டுமே நகர்கிற பிராணிக்கு மாலை நேர ரசனையைக் கொடுத்தது நம் சினிமாதானே தவிர, உயிரியல் அல்ல.

நடைமுறையிலிருந்தும் சாட்சி உண்டு. நாட்டில் மல்லிகைச் சாகுபடியில் முன்னணியில் நிற்பது தமிழ்நாடு. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. நிலக்கோட்டையிலும் சத்தியமங்கலத்திலும் விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில் மொட்டுப் பறிக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் பாம்பே கிடையாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயல் என்றால் பாம்பு உண்டு. ஆனால் பக்கத்து நெல்வயலுக்கு அது எந்த வாசனையைத் தேடிப் போகிறது? இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு இறப்புகள் பீகார், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், ஒடிசா, உத்தரப் பிரதேசம், ஆந்திரம்-தெலங்கானா, ராஜஸ்தான், குஜராத் ஆகியவற்றில் நிகழ்ந்தவை. மல்லிகை மணக்கும் தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவமனை எவ்வளவு தூரம், விஷமுறிவு மருந்து கைக்குக் கிடைக்கிறதா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேரும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் வாசனைக் கட்சிக்கு இந்த அளவுக்குக்கூட ஒரு கணக்கு கிடையாது. பாம்பைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்களையாவது கேட்கலாம். விஷம் எடுப்பதற்காக 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இன்றும் வடநெம்மேலியில் இயங்குகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இருளர்கள் பாம்பைத் தேடிப் போவது வரப்புக்கும் எலிவளைக்கும் கரையான் புற்றுக்கும். மல்லிகைப் பந்தலை மோப்பம் பிடித்துக்கொண்டு யாரும் போவதில்லை.

“எங்கள் வீட்டு மனோரஞ்சிதத்தில் கண்ணால் பார்த்தேனே” என்பதுதான் அடுத்து வரும் வாதம். பார்த்திருப்பீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மனோரஞ்சிதம் பகலிலும் உள்ளே வெளிச்சம் நுழையாத அடர்ந்த புதர். தாழை வளர்வது தவளை கத்தும் நீர்க்கரையில், ஒன்றுக்குள் ஒன்று பின்னிய முள் இலைகளோடு. கவனிக்காமல் விட்ட மல்லிகையும் முல்லையும் தரையோடு தரையாகக் கிளை பரப்பி, கீழே காய்ந்த சருகை மெத்தை போலச் சேர்த்துவைக்கும். அங்கே பூச்சி, பூச்சிக்குப் பல்லியும் ஓணானும் தவளையும், அவற்றுக்குப் பாம்பு. கொடியோடு கொடியாகக் கிடக்கும் பச்சைப் பாம்பு அங்கே வருவது ஓணானுக்காக. இருட்டில் வெள்ளையாகப் பூக்கும் செடிக்கு அந்திப்பூச்சி வரும், அந்தப் பூச்சிக்குப் பல்லி வரும் என்கிற அளவில் மறைமுகத் தொடர்பு இருக்கலாம் என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் வாசல் டியூப் லைட்டுக்கு அதைவிட அதிகமாகப் பூச்சி வருகிறது. அதை யாரும் கழற்றச் சொல்வதில்லை. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். குரோட்டன்ஸுக்குள் யாரும் அந்தி நேரத்தில் கையை விடுவதில்லை, மல்லிகைக்குள் விடுகிறோம். பாம்பு நடமாடும் நேரமும் பூப் பறிக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதால் பார்ப்பதும் கடிபடுவதும் அங்கே நடக்கிறது, பழி பூவின் மேல் விழுகிறது.

“சரி, நம்பிவிட்டுப் போகட்டுமே, எச்சரிக்கைதானே, என்ன நஷ்டம்?” என்பது நல்ல மனிதர்களின் கேள்வி. நஷ்டம் இருக்கிறது. மல்லிகையைப் பிடுங்கிப் போட்டவர் கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்குகிறார். மதிலோரம் வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் குவியலும், தேங்காய் மட்டையும், மூடியில்லாத குப்பைத் தொட்டியும், அதைத் தின்று கொழுத்த எலியும் அப்படியே இருக்கின்றன. நாகமும் கண்ணாடி விரியனும் சாரையும் வருவது அந்த எலிக்காக. கட்டுவிரியன் இரவில் கதவிடுக்கு வழியாகவே உள்ளே வந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கிறது, தோட்டமே இல்லாத வீட்டிலும் கடிக்கிறது. இதே ஆட்கள்தான் வாசலில் சிறியாநங்கை நட்டுவிட்டுப் பாம்பு அண்டாது என்பார்கள். சிறியாநங்கையின் கசப்பு கடித்துப் பார்த்தால்தான் தெரியும், பாம்பு இலை கடிக்காது. அதன் பக்கத்திலேயே சுருண்டு படுக்கவும் தயங்காது. பூண்டுத் தண்ணீர், பெருங்காயம், ஃபினாயில் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். கார்பாலிக் ஆசிட் அதைவிட மோசம், தோலைப் பொசுக்கும், மண்ணையும் கெடுக்கும். தப்பித் தவறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வேர் அரைத்துக் கொடுப்பது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.

ஆகவே எந்தப் பூவை நடுவது என்று பயப்படுவதை விட்டு, பாத்தியை எப்படி அமைப்பது என்று யோசியுங்கள். நல்ல கலப்புப் பாத்திக்கு வேண்டிய இலக்கணமும், பாம்பு ஒதுங்காத பாத்திக்கு வேண்டிய இலக்கணமும் பெரும்பாலும் ஒன்றேதான். முதல் விதி, மதிலை ஒட்டி நடாதீர்கள். மதிலுக்கும் பாத்திக்கும் நடுவே ஒன்றரை அடி வெறும் தரை இருக்கட்டும். செடிக்குக் காற்றோட்டம் கிடைக்கும், பின்பக்கம் நின்று கவாத்து செய்யலாம், அங்கே எது அசைந்தாலும் தெரியும். இரண்டாவது விதி, உயர வரிசை. இருபதடி நீளப் பாத்தி என்றால் பின்வரிசைக்குச் செம்பருத்தி இரண்டு, அடுக்கு நந்தியாவட்டை இரண்டு போதும், ஐந்தடிக்கு ஒன்று. நடுவரிசைக்குக் குண்டுமல்லி, இட்லிப்பூ. மல்லிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் இடைவெளி 1.25 மீட்டர், அதாவது நாலடி. நட்ட அன்று பாத்தி காலியாகத்தான் தெரியும், அந்தக் காலியிடத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் நடுவில் இன்னும் நாலு கன்றைத் திணிப்பதுதான் வீட்டுத் தோட்டங்களின் தீராத வியாதி. அந்த இடத்தைக் கனகாம்பரத்துக்குக் கொடுங்கள். 60-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒவ்வொன்றாகச் சிதறவிடாமல் ஐந்து ஐந்து செடியாகக் கூட்டமாக நட்டால், லேசான நிழலிலும் பூக்கும். முன்வரிசைக்கு டேபிள் ரோஸ், வாடாமல்லி, கோழிக்கொண்டை, நித்தியகல்யாணி.

மூன்றாவது விதி, கத்தரி. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். செடியின் அடியில் குனிந்து பார்த்தால் மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் கிளைகளின் கணுவில் வெள்ளை வேர் இறங்கியிருக்கும். அவற்றை முதலில் அகற்றுங்கள், சருகையும் வாரிவிடுங்கள். அடுத்த மார்ச்சிலிருந்து புதுத் துளிரில் மொட்டுப் பிடிக்கும். அதோடு செடியின் அடித்தரை வெட்டவெளியாகக் கண்ணில் படும், ஒளிய இடமில்லாத இடத்தில் பாம்பு தங்காது. மல்லி மொட்டையாக நிற்கும் மார்கழி, தையில் பாத்தி வெறிச்சோடாமல் இருக்க டிசம்பர் பூவும் சாமந்தியும் பக்கத்தில் வேண்டும். கலந்து நடுவதன் அர்த்தமே இதுதான், ஒன்று ஓயும்போது இன்னொன்று பூக்க வேண்டும். நான்காவது விதி, ஓரக் கட்டு. செங்கல்லைச் சாய்த்து அடுக்கி ஓரம் கட்டினால் பார்க்க அழகுதான், ஆனால் ஒவ்வொரு இடுக்கும் எலிக்கும் தேளுக்கும் இலவசக் குடியிருப்பு. கட்டினால் சாந்து பூசிக் கட்டுங்கள், இல்லையென்றால் மண்ணைச் சரிவாக விட்டுவிடுங்கள். மூடாக்கு இரண்டு விரல் கனம் போதும். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள், தேங்கவிட்டால் தவளை வரும். பூப் பறிக்கப் போகும்போது செருப்பும் டார்ச்சும் கட்டாயம்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. உச்சி வெயிலில் இலையில் தண்ணீர் பட்டால் துளி பூதக்கண்ணாடியாகி இலையைப் பொசுக்குமாம். ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்து 2010-இல் வெளியிட்ட முடிவு, வழுவழுப்பான இலைகளில் அப்படி நடப்பதில்லை, துளியைத் தூக்கிப் பிடிக்கும் ரோம இலைகளில் மட்டும் வாய்ப்பு உண்டு என்பது. மதியம் ஊற்ற வேண்டாம் என்பதற்குக் காரணம் தண்ணீர் ஆவியாகி வீணாவதுதான். செண்டுமல்லி நட்டால் எல்லாப் பூச்சியும் ஓடிவிடும் என்பது கால்பங்கு உண்மை. அதன் வேர் சுரக்கும் பொருள் நூற்புழுக்களை ஒடுக்கும், அதுவும் பாத்தி முழுக்க அடர்த்தியாகச் சில மாதம் வளர்த்தால். ஓரத்தில் இரண்டு செடி வைத்தால் ஒன்றும் ஓடாது, செம்பேன் அதன் மேலேயே வந்து உட்காரும். யூரியா போட்டால் பூ கொட்டும் என்பவர்கள் தழையைத்தான் அறுவடை செய்வார்கள். வாசனைப் பூவுக்குப் பயந்து மதிலோரம் அரளி வரிசை வைப்பவர்களைத்தான் புரிந்துகொள்ளவே முடியவில்லை. அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. குழந்தையும் ஆடு மாடும் நடமாடும் வீட்டில் மல்லிகையைப் பாம்புக்காக விலக்கிவிட்டு அதை வைப்பதற்குப் பெயர் எச்சரிக்கை அல்ல.

இந்தப் பயம் கடைசியில் போய் முடிவது சிமென்டில். பாம்பு வரும், புல் முளைக்கும், கால் சேறாகும் என்று மதில் முதல் மதில் வரை தளம் போட்டு, அதன் மேல் டைல்ஸும் ஒட்டிவிடுகிறோம். எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பை 2003-இல் கட்டாயமாக்கிய மாநிலம் இது. கூரைத் தண்ணீருக்குக் குழாய் போட்டுக் குழியில் இறக்கிவிட்டு, முற்றத்தில் விழும் தண்ணீரைத் தெருவுக்குத் துரத்துகிறோம். ஐப்பசியில் தெரு குளமானதும் மாநகராட்சியைத் திட்டுகிறோம். சித்திரையில் தளம் காய்ந்து வீடே அடுப்பாகும்போது ஏசியை இரண்டு எண் குறைக்கிறோம். தளத்துக்கு அடியில் மண் இறங்கி விழுந்த பொந்தில் எலி குடியேறுவதைத் தடுக்கவும் அந்தச் சிமென்டால் முடிவதில்லை. வீட்டைச் சுற்றி மண் தெரிய ஓர் இடம் இருக்க வேண்டும், அதில் பருவத்துக்குப் பருவம் ஏதாவது பூக்க வேண்டும். ஏற்கெனவே தளம் போட்டுவிட்டவர்கள் ஐந்தடி அகலத்துக்காவது அதை உடைத்தெடுங்கள். உடைத்த கல்லை மதிலோரம் குவிக்காமல் அன்றே வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு, மறுநாள் மல்லிகைக் கன்றை வாங்கி வாருங்கள்.