பீடத்துச் சாடி வரவேற்பறைக்கு வந்த கதை



வெளிநாட்டு வீட்டு அலங்காரச் சஞ்சிகைகளைப் புரட்டும்போது இப்படியான படமொன்று உங்கள் கண்ணிற் பட்டிருக்கலாம். வரவேற்பறை மேசையில் பொன் மங்கிய மரச்சாடிகள் இரண்டு. கீழே, ‘இத்தாலியத் தேவாலயத்துப் பழம்பொருள், 18ஆம் நூற்றாண்டு’ என்று ஒரு வரி. சிலவேளை சாடியின் நடுவே துளையிட்டு, மின்கம்பி செலுத்தி, மேசை விளக்காகவும் ஆக்கியிருப்பார்கள். ஐரோப்பாவில் வாழும் நம் பிள்ளைகளும் பழம்பொருட் சந்தைகளில் இவற்றைக் காண்பதுண்டு. கோவிற் பொருளை வீட்டில் அழகுக்கு வைக்கலாமா? இந்தக் கேள்விக்கு விடை காணுமுன் பொருளை அறிவோம்.

இத்தாலியர் இச்சாடியைப் ‘போர்த்தபால்மா’ என்பர். விசிறிபோல விரித்துக் கட்டிய செயற்கைப் பூங்கொத்துக்குப் ‘பால்மா’ என்று பெயர். அதைத் தாங்குவதால் சாடிக்கும் அப்பெயர் வந்தது. பீடம் சுவரோடு ஒட்டியிருந்த காலத்தில், அதன் பின்தட்டிலே மெழுகுதிரித் தண்டுகளுக்கு இடையில் இவை நின்றன. 1600இல் பாப்பரசர் எட்டாம் கிளமெந்து வெளியிட்ட ஆயர்களுக்கான சடங்கு நூலே, தண்டுகளுக்கு நடுவில் பூக்களும் நறுமண இலைகளும், அல்லது பட்டுப் பூக்களும் கொண்ட சிறு சாடிகளை வைக்க இடமளித்தது.

ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அநேகமானவற்றின் பின்புறம் தட்டையாக, செதுக்காத வெறும் மரமாக இருக்கும். மக்கள் முன்புறத்தை மட்டுமே கண்டார்கள். பொன்னோ விலை கூடியது. காணாத இடத்தையும் இறைவனுக்காக அழகுபடுத்திய சிற்பிகளைப் பற்றி நாங்கள் பிரசங்கங்களிற் பேசுவதுண்டு. இந்தச் சிற்பிகள் அந்தப் பிரசங்கத்தைக் கேட்கவில்லைப் போலும்!

ஆனால் முன்புறத்து உழைப்பு சாதாரணமானதல்ல. மென்மரத்தைச் செதுக்கி, சுண்ணப்பொடியையும் விலங்குத் தோற்பசையையும் குழைத்துப் பல பூச்சுப் பூசுவர். அது காய்ந்தபின் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே மென்மையான செங்களிமண் தடவுவர். அதை நீரால் ஈரமாக்கி, மூச்சுப் பட்டாலே பறக்கும் தங்கரேக்கை ஒட்டி, அகேற் கல்லாலோ நாயின் பல்லாலோ தேய்த்து மெருகிடுவர். பழஞ்சாடிகளில் பொன் தேய்ந்த இடத்திலே தெரியும் சிவப்பு இந்தக் களிமண்தான். ஏழைக் கோவில்களுக்கு வேறு வழி இருந்தது: வெள்ளி ரேக்கை ஒட்டி, மேலே மஞ்சள் வார்னிஷ் பூசினால் பார்வைக்குப் பொன்னாகிவிடும். இதற்கு ‘மெக்கா’ என்று பெயர்.

இவை வெளியே வந்தது எப்படி? 1810இல் நெப்போலியன் ஆட்சி இத்தாலியத் துறவு இல்லங்களை மூடியது. 1866, 1867ஆம் ஆண்டுகளில் புதிய இத்தாலிய அரசு சட்டம் இயற்றி மீண்டும் மூடியது. பொருட்கள் சிதறின. மூன்றாவது காரணத்தைச் சொல்லச் சற்று வெட்கமாயிருக்கிறது. அது எங்கள் கைகளாலேயே நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பீடத்தை மக்கள் பக்கம் திருப்பிய வேகத்தில், பழையன பல விற்கப்பட்டன, சில எறியப்பட்டன. சங்கமோ அப்படிச் சொல்லவில்லை. 1963ஆம் ஆண்டின் திருவழிபாட்டு ஏடு, 126ஆம் எண்ணில், விலைமதிப்புள்ள கோவிற் பொருட்கள் கைமாறாமலும் சிதறாமலும் ஆயர்கள் காக்கவேண்டும் என்றே பணித்தது. 1971இல் குருக்களுக்கான பேராயம் சுற்றுமடல் எழுதி மறுபடியும் எச்சரிக்க வேண்டியதாயிற்று.

இனி, வீட்டில் வைக்கலாமா என்ற கேள்வி. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1171ஆம் இலக்கம், அர்ப்பணிப்பாலோ ஆசீராலோ வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்ட பொருட்கள் தனியாரிடம் இருந்தாலும் பக்தியோடு நடத்தப்பட வேண்டும், உலகக் காரியங்களுக்குப் பயன்படலாகாது என்கிறது. பூசைப் பாத்திரத்தில் மதுவருந்துவதும், நற்கருணைப் பேழையில் நகை வைப்பதும் இதனால் தடை. பூச்சாடி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது அலங்காரப் பொருள். நேர்மையாக வாங்கிய ஒருவர் அதை மதிப்போடு வைத்திருப்பதைப் பாவமென்று நான் சொல்லமாட்டேன். திருச்சுரூபத்தின் முன் வைத்தால் இன்னும் நல்லது. விளக்காக்கத் துளையிடுவதைத்தான் என் மனம் ஏற்கவில்லை. முன்னூறு ஆண்டு நின்ற மரத்தை ஒரு மின்குமிழுக்காகக் குடைவதா?

நேர்மையாக வாங்கியது என்றேன். அதுவே பெரிய விஷயம். காவலற்ற மலைக்கிராமக் கோவில்களிலிருந்து திருடப்பட்டவையும் சந்தைக்கு வருவதுண்டு. கலைப்பொருட் களவைத் தேடவென்றே இத்தாலியப் பொலிசாரிடம் 1969 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. பழைய கோவிற் பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லவும் அங்கே சட்டக் கட்டுப்பாடுண்டு. ஆகவே எங்கிருந்து வந்தது, தாள் உண்டா என்று கேட்காமல் வாங்கவேண்டாம். கண்ணாடிக்குள் எலும்புத் துணுக்கோ துணித் துணுக்கோ வைத்து முத்திரையிட்ட பேழை கிடைத்தால், அது சாடியல்ல, திருப்பண்டம். திருப்பண்டங்களை விற்பதை 1190ஆம் இலக்கம் முற்றாகத் தடுக்கிறது. அதைப் பங்குத்தந்தையிடம் கொண்டுசெல்லுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் சாடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரத்துணியால் துடைக்காதீர்கள், அடியிலுள்ள பசை நீரிற் கரையும், பொன்னும் அதோடு போகும். மென்மயிர்த் தூரிகை போதும். கடைப் பொன்வர்ணமும் பூசவேண்டாம். அது நாளடைவில் கறுக்கும். பின்புற வெறுமரத்தில் பழைய இலக்கமோ ஆலயத்தின் பெயரோ எழுதியிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். அது எந்தப் பீடத்தில் நின்றதென்று சொல்ல வேறு சாட்சி இல்லாதிருக்கலாம்.