கற்பனை நாட்டின் தலைக்கணக்கும் வரலாறும்

பலர் சேர்ந்து ஆளுக்கொரு கற்பனை நாட்டை எழுதி வளர்க்கும் விளையாட்டில் முதலில் தடம்புரள்வது மக்கள்தொகைதான். ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி 2002இல் தொடங்கிய ‘நேஷன்ஸ்டேட்ஸ்’ விளையாட்டில் ஒவ்வொரு நாட்டின் தொகையும் நாள்தோறும் தானாகவே ஏறி, சில ஆண்டுகளில் பல நூறு கோடியைத் தொட்டுவிடும். அதனால் கதை எழுதுவோர் பலர் அந்த எண்ணை ஒதுக்கிவிட்டுத் தனிக்கணக்கு வைத்துக்கொள்கின்றனர்.

தனிக்கணக்குக்கு மலேசியாவே நல்ல அளவுகோல். 1970இல் ஏறத்தாழ 1 கோடியே 4 லட்சமாக இருந்த தொகை 2000இல் 2 கோடியே 33 லட்சமானது. குடியேறியோரையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2.7 விழுக்காடு, இதுவே வேகமான வளர்ச்சி. ஆகவே, தொடர்ந்து 3 விழுக்காட்டுக்கு மேல் கேட்கும் உறுப்பினர் அதற்கான காரணத்தையும் எழுதித் தர வேண்டும். ‘அரசு ஊக்கத்தொகை கொடுத்தது’ என்ற ஒற்றை வரி போதாது. 2100க்குள் 7 கோடி மக்கள் என்ற இலக்கை மலேசியா 1984இல் வகுத்தது. ஆனால் பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், திருமண வயது தள்ளிப்போனது. இன்று ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள்கூட இல்லை.

பிறப்பைவிடக் குடியேற்றமே கதைக்கு உரம். ‘ஐம்பதாயிரம் பேர் வந்தனர்’ என்ற பதிவில் எதுவும் நடப்பதில்லை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 1881இல் தீயும் வெள்ளமும் நகரின் அத்தாப்புக் கூரைக் குடிசைகளை அழித்தன, செங்கல்லால் கட்ட உத்தரவு வந்தது, அங்கே சூளைகள் எழுந்தன. 1886இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியதும் பாதை போடவும் பட்டறையில் உழைக்கவும் தமிழகத் தொழிலாளர்கள் வந்தனர். எழுத்தர் வேலைக்கு யாழ்ப்பாணத்தார் வந்தனர். குடியிருப்பு, கோயில், பள்ளி எல்லாம் பின்னாலேயே வந்தன. எந்த வேலைக்கு, எந்த ஊரிலிருந்து, யார் அழைத்து வந்தார்கள் என்ற மூன்றையும் பதிவேட்டில் கேட்டாலே பொய்யான தொகை பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒரு நாட்டின் வரவு இன்னொரு நாட்டின் செலவு என்பதையும் மறக்கக் கூடாது. கங்காணிகள் தமிழகத்தில் ஆள் திரட்டிய காலத்தில் மலாயாத் தோட்டங்கள் நிறைந்தன. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு தடை செய்தது. விளையாட்டிலும் அனுப்பும் நாடு கதவைச் சாத்தலாம். இரு பதிவேடுகளிலும் ஒரே ஆண்டில் ஒரே எண் பதிவாக வேண்டும்.

பொது வரலாற்றில் சண்டை வருவது தேதியால் அல்ல, பெருமையால். 1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா 87 சீனச் சுரங்கத் தொழிலாளரை கிள்ளான் ஆற்றின் மேல்பகுதிக்கு, இன்றைய கோலாலம்பூர் பக்கம் அனுப்பினார். சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் எரிந்த கோலாலம்பூரை யாப் ஆ லோய் மீண்டும் எழுப்பினார். அதனால் அந்நகரை நிறுவியவர் யார் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. விளையாட்டுக் குழுவும் இப்படியே நடக்கலாம்: ஆண்டு, இடம், தரப்பினர், முடிவு ஆகியவற்றை எல்லாரும் ஒப்புக்கொண்டு பூட்டிவிட வேண்டும், யார் வீரர், யார் துரோகி என்பதை அந்தந்த நாட்டுப் பாடநூல் தன் விருப்பப்படி எழுதட்டும். தோற்ற நாட்டின் வரலாற்றை வென்றவர் திருத்தக் கூடாது.

புதிதாகச் சேர்பவர் பழைய போர் ஒன்றைத் தன் வரலாற்றில் நுழைக்க விரும்பினால், அதில் தொடர்புடையோர் அனைவரின் சம்மதமும் வேண்டும். விலகிப்போகிறவரின் நாட்டை அழிப்பது இதைவிடப் பெரிய கேடு. அந்த நாட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களும் அங்கிருந்து வந்த குடியேறிகளும் மற்ற நாடுகளின் கதையில் இருக்கிறார்கள். தொகையை அந்த ஆண்டோடு நிறுத்தி, நாட்டை விளையாட்டு நடுவரின் பொறுப்பில் வைப்பதே சரி.