கிரீன் கார்டு தொலைந்தால்…

கேள்வி: கணவருடன் அமெரிக்காவில் வசிக்கிறேன். அவர் மூலமாகக் கிடைத்த கிரீன் கார்டு எனக்கு இருக்கிறது. இரண்டு மாத விடுமுறையில் மதுரை வந்த இடத்தில், பஸ்ஸில் கைப்பை பறிபோய்விட்டது. பாஸ்போர்ட் மட்டும் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. கார்டு இல்லாமல் எப்படித் திரும்புவது? கணவர் அங்கிருந்தே விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: பதற வேண்டாம். தொலைந்தது அட்டைதான், நிரந்தர வசிப்புரிமை போகவில்லை. கணவர் மூலம் வந்ததென்றாலும் அந்த உரிமை உங்களுடையது. எனவே விண்ணப்பமும் உங்கள் பெயரில்தான் போக வேண்டும்.

முதலில் போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாற்று அட்டை கேட்கும் ஐ-90 படிவம் அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்கானது. வெளிநாட்டில் தொலைத்தவர்களுக்கு ஐ-131ஏ. கிளம்பி ஓராண்டு ஆகாததால் உங்களுக்கு இது பொருந்தும். கட்டணத்தை ஆன்லைனில் கட்டிவிட்டு, அமெரிக்கத் தூதரக அலுவலகத்துக்கு நேரில் செல்ல வேண்டும். பாஸ்போர்ட், கட்டண ரசீது, போட்டோ, நீங்கள் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய தேதிக்கான டிக்கெட் எல்லாம் கையில் இருக்கட்டும். அனுமதி கிடைத்தால் பாஸ்போர்ட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். அதைக் காட்டினால் விமான நிறுவனம் ஏற்றிக்கொள்ளும். அது பயணத்துக்கு மட்டுமே. ஊர் சேர்ந்ததும் ஐ-90 போட்டுப் புது அட்டை வாங்க வேண்டும்.

படிவங்களில், தொலைந்த அட்டையில் இருந்த 'ஏ நம்பர்' (உங்கள் குடியேற்றப் பதிவு எண்) கேட்பார்கள். இமிகிரண்ட் விசாவில் முதன்முறை போயிருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ள அந்த விசாவிலேயே அது பதிவு எண்ணாக அச்சாகியிருக்கும்.

கட்டணம் அவ்வப்போது மாறுவதால், அரசு இணையதளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். இடைத்தரகர் யாரும் தேவையில்லை.