விலை குறைந்த லென்சும் ஜன்னல் வெளிச்சமும்



இந்த இதழின் பாடம் படம் எடுப்பது பற்றி. "போட்டோ பிடிக்கிறதுல என்ன பாடம் இருக்கு? போனை நீட்டி அமுக்கினா வந்துடுது" என்று நீங்கள் கேட்கலாம். வருது, உண்மைதான். ஆனால் எப்படி வருது என்பதில் நம் காசு இருக்கிறது.

ஒரு சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையை ராத்திரி டியூப் லைட்டுக்குக் கீழே படம் எடுத்து, வெளியூரில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்று வையுங்கள். நல்ல அரக்குச் சிவப்பு, படத்தில் மங்கிப்போன செங்கல் நிறமாகத் தெரியும். பார்ப்பவர் வேண்டாம் என்று விட்டுவிடுவார். வாங்கினாலும், "படத்துல பார்த்த கலர் இது இல்லையே" என்று திருப்பி அனுப்புவார். போக, வர கூரியர் செலவு யார் தலையில் விழும்? நெய்தவளும் முடிச்சுப் போட்டவளும் ஒரு குறையும் வைக்கவில்லை. படம்தான் குறை வைத்தது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எந்தக் குழுவை எடுத்தாலும் படம் எடுப்பதில் ஆசை உள்ள ஒருத்தி இருப்பாள். காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் அவள் கூட்டத்தில் எழுந்து, "கேமரா வாங்க உள்கடன் வேணும்" என்று கேட்பாள். எவ்வளவு கொடுக்கலாம், எதை வாங்கச் சொல்லலாம் என்று மற்ற பேருக்குத் தெரியாது. கடைக்காரர் சொன்னதுதான் வேதம் என்று ஆகிவிடும். அவளுக்காகவும், அவளுக்குக் கடன் கொடுக்கத் தீர்மானம் போடும் உங்களுக்காகவும் இந்தப் பாடம்.

முதலில் கையில் இருக்கும் போன்

போனின் பின்பக்கக் கண்ணாடியை ஒரு பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். சிரிக்காதீங்க. எண்ணெய்க் கை பட்ட கண்ணாடியில் எடுத்த படம் புகை மூட்டமாகத்தான் வரும். அதைப் பார்த்து "இந்தப் போன் சரியில்லை" என்று புதுப் போன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, பொருளின் மூக்குக்குப் பக்கத்தில் போய் எடுக்காதீர்கள். போனின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்க்கும் லென்ஸ். அதை மிகவும் கிட்டே கொண்டுபோனால், முன்னால் இருப்பது பெருத்தும் பின்னால் இருப்பது சிறுத்தும் தெரியும். மண்பானையின் வாய் பிதுங்கி, அடிப்பாகம் சூம்பிப் போகும். மனுஷர் முகம் என்றால் மூக்கு பெரிசாகும், காது காணாமல் போகும். நாலைந்து அடி தள்ளி நின்று எடுங்கள். படம் சின்னதாக இருந்தால் பிறகு ஓரத்தை வெட்டிக் கொள்ளலாம். சில போன்களில் இரண்டு மடங்கு காட்டுவதற்கென்று தனி லென்சே இருக்கும். அது இருந்தால் பொருளுக்கும் முகத்துக்கும் அதைப் பயன்படுத்துங்கள். திரையை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடைந்துதான் வரும்.

வெளிச்சம் பாதி வேலை

எனக்குக் கேட்டால் பாதிக்கும் மேல் என்பேன். கேமராவுக்குக் காசு வேண்டும், வெளிச்சத்துக்கு வேண்டாம்.

பொருட்களைப் படம் எடுக்க, நேர் வெயில் உள்ளே விழாத ஒரு ஜன்னலோ வாசலோ போதும். பொருளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். நீங்கள் ஜன்னலை மறைத்து நிற்காதீர்கள், ஜன்னலைப் பார்த்தும் எடுக்காதீர்கள். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் பத்தமடைப் பாயின் இழை தெரியும், மணப்பாறை முறுக்கின் முள் தெரியும். போனில் உள்ள பிளாஷ் நேராக முகத்தில் அடிப்பதால் எல்லாமே தட்டையாகிவிடும்.

ஒரு பக்கம் வெளிச்சம் என்றால் மறுபக்கம் இருட்டு விழும். அதற்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை இருட்டுப் பக்கம் நிறுத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து நிழலை இளக்கிவிடும். வெயில் நேராக விழுகிறதா? ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். ஸ்டூடியோக்காரர்கள் பெரிய விளக்கின் முன்னால் வெள்ளைத் துணி போடுவதும் இதற்காகத்தான்.

முக்கியமான ஒன்று. ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது டியூப் லைட்டையும் பல்பையும் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சம் ஒரு நிறம், பல்பு ஒரு நிறம், டியூப் ஒரு நிறம். நம் கண் அதைச் சரி பண்ணிக்கொள்ளும். கேமராவும் ஒரு நிறத்தைச் சரிக்கட்டிவிடும், இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் திணறும். சேலையின் கலர் மாறுவது பெரும்பாலும் இதனால்தான். எடுத்த படத்தைச் சேலையின் பக்கத்திலேயே வைத்து ஒத்துப் பாருங்கள். சேலையைவிடப் படம் பளபளப்பாக வந்தால் அதுவும் ஆபத்துதான், திரும்பி வரும்.

கேமரா வாங்குவதென்றால்

கடையில் முதலில் "எத்தனை மெகாபிக்சல்" என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். அதை விடுங்கள். ஒரு ஆல்பம் போடவும் போனில் அனுப்பவும் 12 மெகாபிக்சல் தாராளம். பத்து வருஷப் பழைய கேமராவில்கூட அதைவிட அதிகம் இருக்கும்.

2018-இல் கேனான், நிக்கான் இரண்டு கம்பெனிகளும் மிரர்லெஸ் என்ற புது வகைக் கேமராவில் பெரிய அளவில் இறங்கின. தொழில் செய்கிறவர்கள் பலர் அதற்கு மாறிவிட்டதால் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பாதி விலைக்கும் கீழே கைமாறுகின்றன. நமக்கு அது நல்ல காலம். அந்தக் கேமரா எடுக்கும் படம் நேற்று எப்படி நன்றாக இருந்ததோ அப்படித்தான் இன்றும் இருக்கிறது.

கூடவே 18–55 என்று ஒரு லென்ஸ் வரும். 18 என்றால் அகலமாகப் பார்க்கும், வீட்டுக்குள் பத்துப் பேரை நிறுத்தி எடுக்கலாம். 55 என்றால் கிட்டே இழுக்கும். இதை வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு, இருட்டில் தடுமாறும். காரணம் லென்சின் துவாரம். எஃப் 5.6, எஃப் 1.8 என்று லென்சில் எழுதியிருப்பது அந்தத் துவாரத்தின் கணக்கு. எண் சின்னதானால் துவாரம் பெரிது. 18–55 லென்சை 55-க்குத் திருகினால் 5.6-க்கு மேல் அது திறக்காது. 50 மி.மீ. எஃப் 1.8 என்று ஒரு சின்ன லென்ஸ் இருக்கிறது. அது 5.6-ஐப் போல ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் முகம் எடுக்கலாம், பின்னால் உள்ள பிளாஸ்டிக் நாற்காலிகளும் கலங்கி மறைந்துவிடும்.

லென்சுகளில் விலை குறைந்த ஒன்று இதுதான். உடம்பில் காசைப் போடாமல் லென்சில் போடு என்று அனுபவசாலிகள் சொல்வது இதை வைத்துத்தான். குறை என்னவென்றால், இந்த வகைக் கேமராக்களில் இது கொஞ்சம் நெருக்கிப் பார்க்கும். சின்ன அறையில் குடும்பம் முழுவதும் அடங்காது. அதற்குத்தான் 18–55.

பழையது வாங்கும்போது லென்சுக்குள் ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து, மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஒன்றிரண்டு தூசு இருந்தால் கவலையில்லை. நிக்கான் 3000, 5000 வரிசைக் கேமராக்களுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. அவற்றில் ஏ.எஃப்.–எஸ் என்று எழுதியுள்ள லென்ஸ் தானாகப் போகஸ் ஆகும். பழைய ஏ.எஃப். லென்சைத் தலையில் கட்டிவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எதை வாங்கினாலும் கடையிலேயே மாட்டி, பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

வீட்டில் பீரோவுக்குள்ளோ தோல் பைக்குள்ளோ பூட்டி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் பூஞ்சணம் வந்துவிடும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் நாலைந்து போட்டு வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், மாவுத் தூசு லென்சுக்குள் போகும்.

கடன் கணக்கையும் பார்ப்போம். பழைய கேமராவும் லென்சும் சேர்த்து 20,000 ரூபாய் உள்கடன், 100-க்கு மாதம் 1 ரூபாய் வட்டி, பத்துத் தவணை என்று வையுங்கள். முதல் மாதம் அசல் 2,000, வட்டி 200. அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, மொத்த வட்டி 1,100 ரூபாய். ஆக 21,100. முதல் மாதம் 2,200 கட்டுவதற்கு அந்த மாதமே வேலை கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, தவணை மட்டும் உண்டு. போனிலேயே ஆறு மாதம் எடுத்து, நாலு பேர் காசு கொடுத்துக் கூப்பிட்ட பிறகு வாங்குகிறவளுக்குப் பயமில்லை. லட்ச ரூபாய் கேமரா என்றால் குழு யோசிக்கத்தான் வேண்டும்.

எங்கே நின்று எடுப்பது

போனிலும் கேமராவிலும் ஒன்பது கட்டம் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். முகத்தை நட்ட நடுவில் வைக்காமல், கண் மேல்கோட்டில் வருமாறு வையுங்கள். ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் இடம் விடுங்கள். அமுக்குவதற்கு முன் நாலு மூலையையும் ஒருதரம் பாருங்கள். துடைப்பம், செருப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

உயரம் இன்னும் முக்கியம். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூர் என்ற ஊரில் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியின் சங்கப் பெண்கள் வீடியோ கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். கூலி வேலை செய்தவர்கள், பலருக்கு எழுத்து தெரியாது. கேமராக் கோணங்களுக்கு அவர்களே பேர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்த்து எடுத்தால் பட்டேல் ஷாட், அதாவது பண்ணையார் பார்க்கும் பார்வை. கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் அடிமை ஷாட். கண்ணுக்கு நேராக எடுத்தால் சங்கம் ஷாட், ஏனென்றால் சங்கத்தில் எல்லோரும் சமமாக உட்கார்ந்து பேசுகிறோம். இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் இதைச் சொல்லிக் கொடுக்காது. பாய் பின்னுகிற அக்காவை நின்றுகொண்டு எடுக்காதீர்கள். நீங்களும் தரையில் உட்காருங்கள். குழந்தை என்றால் முட்டி போடுங்கள்.

கேட்டுவிட்டு எடுங்கள். உதவி வாங்குகிற பாட்டி முகத்தை மூடினால் கேமராவை இறக்கிவிடுங்கள். தவணை தவறியவரைப் படம் பிடித்துக் குரூப்பில் போடுவது எந்தக் குழுவிலும் நடக்கக் கூடாது.

பொம்பளைக்கு எதுக்குக் கேமரா என்று வீட்டில் யாராவது முனகினால், ஹோமாய் வியாரவாலாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1913-இல் குஜராத்தில் நவ்சாரியில் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். சேலை கட்டிக்கொண்டு, கேமராவைச் சுமந்து, டெல்லித் தெருக்களில் சைக்கிளில் போய்ப் படம் எடுத்தார். 2011-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

பயிற்சி

ஒரு பித்தளைச் சொம்பை ஜன்னல் ஓரம் வையுங்கள். காலை 7 மணி, மத்தியானம் 12, மாலை 5 என்று மூன்று வேளையும் ஒரே இடத்தில் நின்று எடுங்கள். பிறகு தெர்மாகோல் வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று. கடைசியாக ராத்திரி டியூப் லைட்டில் ஒன்று. அடுத்த கூட்டத்துக்கு ஆறு படத்தையும் சொம்பையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். எந்தப் படத்தைப் பார்த்து இந்தச் சொம்பை வாங்குவீர்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டு, அந்தப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதி வையுங்கள்.