வேலியோரக் காகிதப்பூ குறுமரமாக

மைசூரில், ஊட்டிச் சாலையிலுள்ள கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் வனத்தைக் கண்டு வந்து, அத்தகைய குறுமரம் தம் இல்லத்திலும் வேண்டுமென ஆசைப்படும் மார்டள்ளி அன்பர்கள், விலை கொடுத்து நாற்று வாங்குவதைக் காட்டிலும், வேலி மாற்றும்போது தோண்டியெறியப்படும் காகிதப்பூச் செடியின் பருத்த அடிமரத்தைக் காப்பாற்றிக்கொள்வதே உத்தமம்.

கோடை மழை ஆரம்பிக்கும் சமயத்தில் கிளைகளைப் பெரும்பாலும் கழித்து, எளிதில் அறுந்துபோகும் மெல்லிய வேர்களைத் தாய்மண்ணுடனேயே எடுத்து, செம்மண்ணும் பருமணலும் செங்கற்சல்லியும் கலந்த அகலத் தொட்டியில் அசையாமல் நட்டு, துளிர் விரலளவு நீளும் வரையில் நிழலில் வைத்திருங்கள்; அதுவரை உரம் கூடவே கூடாது.

இதன் கட்டை மிருதுவானது. வெட்டுவாயில் நீர் தங்கினால் உள்ளே உளுத்துப் பொந்தாகிவிடுமாதலால், சாய்வாக வெட்டி மெழுகு பூசுவது அவசியம். முற்றிய கிளை வளைத்தால் மளுக்கென்று ஒடியும். பச்சை மாறாத இளங்கிளையிலேயே அலுமினியக் கம்பியைச் சுற்றி, அது பட்டையில் பதியுமுன் கழற்றிவிட வேண்டும்.

ஆழமற்ற தட்டுத் தொட்டிக்கு மாற்ற ஓராண்டேனும் பொறுத்திருங்கள். பிறகு முழு வெயிலில் வைத்து, இலை சற்றே துவளும்போது மட்டும் நீர் வார்த்தால், புதுத்துளிர்களில் பூ நிறையும்.