மூன்று கட்டங்களுக்குள் அடங்காதவை

கேள்வி: வார்டில் நோயாளியைச் சேர்க்கும்போது நிரப்பப்படும் படிவத்தில் மதம், மொழி, உணவுப் பழக்கம் என்று மூன்று கட்டங்கள் உள்ளன. அவற்றை நிரப்பிவிட்டால் நோயாளியின் பண்பாட்டு வேறுபாடுகளை மதிப்பிட்டதாக ஆகிவிடுமா?
– செவிலியர் கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஆகாது. அம்மூன்று கட்டங்களும் சமையற்கூடத்துக்கும் பதிவேட்டுக்கும் வேண்டிய விவரங்களைத் தருகின்றனவே தவிர, நோயாளி தம் நோயை என்னவென்று எண்ணுகிறார், எதற்கு அஞ்சுகிறார், வீட்டில் யாருடைய சொல் எடுபடும் என்பனவற்றில் எதையும் சொல்வதில்லை. இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சியை முதலில் ஒரு துறையாகவே வளர்த்தெடுத்தவர் அமெரிக்கச் செவிலியரும் மானிடவியலாளருமான மடலின் லைனிங்கர். 1950-களில் குழந்தைகளுக்கான மனநல இல்லமொன்றில் பணியாற்றிய அவர், ஒரே விதமான பராமரிப்பை வெவ்வேறு பின்னணிக் குழந்தைகள் வெவ்வேறாக ஏற்பதைக் கவனித்து, அதற்கு விடை தேடி மானிடவியல் பயின்று, பப்புவா நியூகினி மலைநாட்டின் காட்சப் மக்களிடையே தங்கி ஆய்வு செய்தார். அவர் நிறுவிய துறையே 'பண்பாடு கடந்த செவிலியம்' எனப்படுகிறது.

மதிப்பீட்டின் உயிர்நாடி நோயாளியின் விளக்கத்தைக் கேட்டறிவதில் இருக்கிறது. மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மனும் அவருடைய சகாக்களும் 1978-இல் வெளியிட்ட கட்டுரையொன்று இதற்கான கேள்விகளை வகுத்துத் தந்தது. இந்தத் தொல்லைக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் என்ன, இது எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள், ஏன் இப்போது வந்தது, எந்தச் சிகிச்சை வேண்டுமென்று கருதுகிறீர்கள், இதில் உங்களுக்கு மிகவும் பயம் தருவது எது என்ற போக்கில் அமைந்த அக்கேள்விகளைக் கேட்கப் பத்து நிமிடம் போதும்; நெரிசல் மிகுந்த வார்டில் அந்தப் பத்து நிமிடத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான புலம்பல்தான் என்றாலும், கடைசிக் கேள்வி ஒன்றையாவது விட்டுவிடலாகாது.

சிசேரியன் முடிந்த மூன்றாம் நாள் ஒரு தாய் தண்ணீர் குடிக்க மறுப்பதாகக் கொள்வோம். கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று எழுதிவிட்டால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். காரணத்தைக் கேட்டால், தண்ணீர் மிகுந்தால் தையல் புண் சீழ் பிடிக்கும், வயிறு பெருத்துவிடும் என்று மாமியார் சொல்லியிருப்பது தெரியவரலாம். இத்தகைய நிலைக்கு லைனிங்கர் மூன்று வழிகளைக் காட்டுகிறார்: தீங்கற்ற வழக்கத்தை அப்படியே காத்தல், ஓரளவு இடறும் வழக்கத்தைப் பேசி இணக்கப்படுத்துதல், கேடு தரும் வழக்கத்தை நோயாளியோடு சேர்ந்தே மாற்றியமைத்தல். காதில் பஞ்சு வைத்துத் தலையைத் துணியால் சுற்றிக்கொள்வதும், பத்தியச் சோற்றுக்குப் பூண்டுக் குழம்பு கொண்டுவருவதும் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் தடுக்க எந்தக் காரணமும் இல்லை. தண்ணீர் விஷயம் இரண்டாம் வகை: பச்சைத்தண்ணீர்தான் ஆகாது என்பது அச்சமானால், வெதுவெதுப்பான சீரகத் தண்ணீரை அடிக்கடி கொடுப்பதில் இரு தரப்புக்கும் மறுப்பிராது. பிறந்த குழந்தையின் நாக்கில் மூத்தவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைக்கும் 'சேனை' மூன்றாம் வகை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையாதலால் அதை விட்டுக்கொடுக்க இயலாது. ஆனால் அச்சடங்கின் உட்பொருள் மூத்தவரின் நற்குணம் குழந்தைக்கு வர வேண்டும் என்ற ஆசையே என்பதைப் புரிந்துகொண்ட செவிலியர், குழந்தையை முதலில் கையில் வாங்கும் உரிமையை அந்த மூத்தவருக்கே கொடுத்துப் பார்க்கலாம். பாட்டியை வார்டுக்கு வெளியே நிறுத்திவைத்துவிட்டுத் தாய்க்கு மட்டும் அறிவுரை சொல்வதில் பயனில்லை. வீட்டில் சங்கு பாட்டியின் கையில்தான் இருக்கிறது.

இவ்வளவையும் கற்றபின் 'இந்தச் சமூகத்தார் இப்படித்தான்' என்ற பட்டியலோடு நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. நியூசிலாந்தின் மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் எழுப்பிய எதிர்ப்பு இங்கேதான் பொருந்துகிறது. மாவோரி மரபில் தலை 'டாப்பு', அதாவது புனிதமானதும் தீண்டற்கரியதும் ஆகும். உணவு சாதாரணத்தின் பக்கம் நிற்பது. ஆகவே தலைக்கு வைத்த தலையணையைக் காலுக்கு அண்டை கொடுப்பதும், சாப்பாட்டு மேசையில் பெட்பேனை வைப்பதும், கேட்காமல் தலையைத் தொடுவதும் அவமதிப்பாகக் கொள்ளப்படும். நஞ்சுக்கொடிக்கும் நிலத்துக்கும் அம்மொழியில் 'ஃபெனுவா' என்ற ஒரே சொல் வழங்குவதாலும், நஞ்சுக்கொடியை மண்ணில் புதைப்பது மரபாதலாலும், அதை மருத்துவக் கழிவாக எறிந்துவிடுவது குடும்பத்தாருக்குப் பெருங்குறையாகப்படும். இவற்றை மனப்பாடம் செய்வதல்ல ராம்ஸ்டன் கேட்டது. செவிலியர் முதலில் தம் பண்பாட்டையும், சீருடை தமக்குத் தரும் அதிகாரத்தையும் எடைபோட வேண்டும் என்றும், பராமரிப்பு பாதுகாப்பானதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அதைப் பெறுபவருக்கே உண்டு என்றும் அவர் வாதிட்டார். 'பண்பாட்டுப் பாதுகாப்பு' எனப்பட்ட இக்கருத்தை நியூசிலாந்துச் செவிலியர் மன்றம் 1992-இல் செவிலியர் கல்வியின் பகுதியாக்கியது. லைனிங்கரின் வழிகள் கையாள எளியவை. ராம்ஸ்டனின் கேள்வி கூர்மையானது. இரண்டில் எதை முதலில் பயில வேண்டும் என்றால் பின்னதையே சொல்ல வேண்டும்.

கேள்வி: வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளிடம் மொழி தெரியாமல் மதிப்பீட்டை எப்படிச் செய்வது? உடன் வரும் உறவினர் மொழிபெயர்த்தால் போதாதா?
– செவிலியர், வேலூர்

பதில்: பெயர், ஊர், பசி, தூக்கம் போன்றவற்றுக்குப் போதும், மற்றவற்றுக்குப் போதாது. உறவினர் தமக்குக் கூச்சம் தரும் கேள்வியை விழுங்கிவிடுவார், கெட்ட செய்தியை மெலிதாக்கிவிடுவார். மாதவிடாயைப் பற்றித் தாயிடம் மகன் வழியாகக் கேட்பது இருவருக்கும் தண்டனை. அத்தகைய கேள்விகளுக்கு அம்மொழி தெரிந்த ஊழியரையோ பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரையோ அழைக்க வேண்டும். கேட்கும்போதும் பார்வை மொழிபெயர்ப்பவர்மேல் இல்லாமல் நோயாளியின்மேல் இருக்க வேண்டும். தலையாட்டலைச் சம்மதமாகவோ புரிதலாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளை உடைக்குக் காட்டும் மரியாதையாகவும் அது இருக்கக்கூடும். டிஸ்சார்ஜ் நாளில் 'புரிந்ததா?' என்று கேட்பதற்குப் பதிலாக மாத்திரை அட்டைகளை நோயாளியின் முன் பரப்பி, இரவுக்குரியதைத் தனியே எடுத்துக் காட்டச் சொன்னால், எத்தனை பேர் காலை அட்டையைத் தொடுகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.