மரத்தை எண்ணினால் போதுமா?

கேள்வி: வனவியல் படித்த என் மகள், மேற்படிப்பில் காட்டோர மக்களைப் பற்றி ஆராயப் போகிறாளாம். மரமும் மண்ணும் படித்தவளுக்கு ஊர்க்கதை எதற்கு?
– ஒரு வாசகி, தேனி

பதில்: ஊர்க்கதை தெரிந்ததால் பிழைத்த காடு ஒன்று உண்டு. மேற்கு வங்கத்தின் அராபாரியில், விறகுக்காக வெட்டி வெட்டியே சால மரக்காடு தேய்ந்துகொண்டிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி, சுற்றியிருந்த 11 கிராமத்தாரிடம் உட்கார்ந்து பேசினார். விறகு விற்றுப் பிழைத்தவர்களுக்குக் காட்டிலேயே வேலை. காட்டைக் காத்தால் மர விற்பனையில் 25 சதவீதம் பங்கு. வெட்டிய கைகளே காவலுக்கு வந்தன. அடிக்கட்டைகள் மீண்டும் துளிர்த்தன. 1990-இல் மத்திய அரசு கொண்டுவந்த கூட்டு வன மேலாண்மைக்கு இது ஒரு முன்னோடி.

கதை அதோடு முடியவில்லை. விறகு சுமப்பவர்கள் பெண்கள். ஊர்க்கூட்டத்தில் பேசுபவர்கள் ஆண்கள் என்றால் முடிவு யாருடையது? மேய்ச்சலைத் தடுத்தால் ஆட்டுக்காரர் எங்கே போவார்? இதையெல்லாம் அளவு நாடா சொல்லாது; திண்ணையில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். இப்படிப்பட்ட ஆய்வுக்கு மதிப்பும் உண்டு: பொதுவளங்களை மக்களே நிர்வகிக்கும் விதத்தை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம், 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். தைரியமாக அனுப்பிவையுங்கள், அம்மா.